எவால்ட் எழுந்து நின்ற புதன்கிழமை

1933, மார்ச் 23, வியாழன்

காலையில் முதல் வேலையாக மாடிப்படியைக் கழுவினேன். இந்த வாரம் எங்கள் வீட்டு முறை. விடிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன். என் கணவன் எவால்ட் இறங்கிப் போகும்போது படி ஈரமாக இருக்கக் கூடாது. இன்று அவன் வழுக்கி விழுந்தால் அதற்கும் ஓர் அர்த்தம் கற்பித்துக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பேன்.

எதிர்வீட்டுத் திருமதி ப்ராட்கே கதவை ஒரு விரற்கடை திறந்து, "இன்னைக்குமா கழுவறீங்க?" என்றாள். அவளுடைய அக்காள் மகன் ஆளுங்கட்சியின் பழுப்புச் சட்டைப் படையில் சேர்ந்ததிலிருந்து அவள் கதவு எப்போதும் ஒரு விரற்கடைதான் திறக்கிறது. முறை முறைதானே என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்தேன்.

எவால்ட் சட்டைக்கு உள்ளே இரண்டு கம்பளி பனியன் போட்டுக்கொண்டான். கைப்பையில், பிடித்துக்கொண்டு போனால் தேவைப்படும் என்று, சோப்பு, பல் துலக்கும் பிரஷ், கம்பளிக் காலுறை. பதின்மூன்று வருடமாக நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கிறான். அந்தப் பையில் காகிதம் இல்லாமல் போவது இதுதான் முதல் தடவை. "பேச்சுக்குப் பதிலா காலுறை. நம்ம ஆளுங்க சில பேரோட பேச்சுக்கு இது எவ்வளவோ தேவலை" என்றான்.

நாடாளுமன்றத்தைக் கேட்காமலே சட்டம் போடும் அதிகாரத்தை அரசாங்கம் இன்று கேட்கிறது. கம்யூனிஸ்டுகளைச் சபைக்குள் வர விடவில்லை. மற்றவர்கள் எல்லோரும் தலையாட்டப் போகிறார்கள். மிச்சம் இருப்பது எங்கள் சமூக ஜனநாயகக் கட்சி ஒன்றுதான்.

மாலை. வந்துவிட்டான். 'முடியாது' என்று ஓட்டுப் போட்டுவிட்டு முழுசாக வந்துவிட்டான். வாசலிலிருந்து மண்டபம் வரை இரண்டு பக்கமும் பழுப்புச் சட்டைக்காரர்கள் வரிசையாக நின்று கத்தினார்களாம். ஒருவன் கோட்டில் துப்பியிருக்கிறான். கறை போன பிறகும் அந்தக் கோட்டைத் துலக்கிக்கொண்டே இருந்தேன். பெருமையால் என்று நினைக்கிறேன்.

லோரென்ஸ் எங்கே இருக்கிறான் என்று முந்தாநாள்தான் தெரிந்தது. என் தம்பி. மாக்டபுர்கில் கட்சிப் பத்திரிகையில் வேலை பார்த்தவன். இந்த மாதத் தொடக்கத்தில் அச்சுக்கூடத்தில் வைத்தே பிடித்துக்கொண்டு போனார்கள். இப்போது நாங்கள் இருக்கும் தலைநகருக்கு வடக்கே புதிதாகத் திறந்திருக்கும் முகாமில் இருக்கிறான். எவால்டின் கோட்டைத் துலக்கும்போது அவனை நான் நினைக்கவில்லை. அதாவது, அதிகம் நினைக்கவில்லை.

ஏப்ரல் 2, ஞாயிறு

முகாமுக்குப் போய் வந்தேன். வாசலில் பெண்கள் வரிசை. எல்லோர் கையிலும் பொட்டலம். பக்கத்தில் காவலாள் நிற்க, கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பேச விட்டார்கள்.

லோரென்ஸின் ஒரு கன்னம் வீங்கியிருந்தது. படியில் விழுந்துவிட்டேன் என்றான். காவலாள் சிரித்தான். அம்மா இறந்தபோது லோரென்ஸுக்கு நான்கு வயது. அவனை வளர்த்தவள் நான். அவன் பொய் சொல்லும்போது இடது கண்ணை மட்டும் சிமிட்டுவான். இன்று அந்தக் கண் திறக்கவே இல்லை.

எங்கள் கட்சி எதிர்த்து ஓட்டுப் போட்டது உள்ளே எப்படியோ தெரிந்துவிட்டதாம். "உள்ளே வந்ததுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் முதல் தடவையாப் பாட்டுப் பாடினோம். உதட்டை அசைக்காம" என்றான். எவால்டிடம் இதைச் சொன்னேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் குழாய்க்குப் புகையிலை அடைத்தான்.

மே 2, செவ்வாய்

தொழிற்சங்கக் கட்டடத்தைப் பழுப்புச் சட்டைக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். நேற்று அவர்கள் நடத்திய மே தின ஊர்வலத்தில் நம் சங்கங்களும் போய் நடந்தன. இன்று காலையில் லாரி வந்தது.

வெண்ணெய் கிடைக்கவில்லை.

மே 11, வியாழன்

நேற்று கட்சியின் சொத்து முழுவதும் பறிமுதல். கட்டடங்கள், அச்சுக்கூடங்கள், எவால்டின் அலுவலக அறையும் சேர்த்து. சீல் வைத்தவன் நல்ல மரியாதையாக நடந்துகொண்டான், குடையை மறந்துவிட்டீர்களே என்று எடுத்துக் கொடுத்தான் என்றான் எவால்ட். அவனுக்கு அதுதான் தாங்கவில்லை.

இப்போது பகல் முழுவதும் சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறான். உருளைக்கிழங்கு உரித்துத் தருகிறேன் என்று கத்தியை வாங்கினான். தோலோடு பாதிக் கிழங்கு போயிற்று. தோலைக் கொதிக்க வைத்துக் கஞ்சியில் போட்டேன்.

மே 14, ஞாயிறு

இன்று எழுத நேரம் இருக்கிறது. எவால்ட் பழைய தோழர் ஒருவரைப் பார்க்கப் போயிருக்கிறான்.

எங்கள் கட்சியில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாட்களுக்கு அது விளங்குவதில்லை. கதவை அடைத்துக்கொண்டு உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். மேசையைத் தட்டலாம், ஒருவரை ஒருவர் துரோகி என்றுகூடச் சொல்லலாம். ஓட்டெடுத்து முடிவான பிறகு சபையில் எல்லோரும் சேர்ந்து எழ வேண்டும், அல்லது சேர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே தோற்றவனும்தான். இதற்குக் கட்சி ஒழுங்கு என்று பெயர். தனி ஆளாகத் தொழிலாளிக்குப் பலம் கிடையாது, சேர்ந்து நின்றால்தான் பலம் என்பதிலிருந்து வந்த வழக்கம். நானே மாலை வகுப்புகளில் இதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

1914-ஆம் வருடம் அரசாங்கம் யுத்தத்துக்குப் பணம் கேட்டபோது, உள்ளே எதிர்த்தவர்களும் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்பட்டுத்தான் சபையில் ஆதரித்து எழுந்து நின்றார்கள். எவால்ட் அப்போது கடைசல் பட்டறைத் தொழிலாளி, சங்கத்தில் சின்னப் பொறுப்பு. அன்று பட்டறையில் அவன், "எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி அவங்க காலையே வெட்டிப் போட்டிருக்கலாம்" என்றானாம். அதற்காகவே பிறகு பிரிந்து போனவர்களோடு போனான். அவர்கள் தொடங்கிய கட்சியின் சார்பில்தான் இருபதாம் வருடம் நாடாளுமன்றத்துக்கு வந்தான். இரண்டு வருடம் கழித்து எல்லோரும் திரும்பியபோது அவனும் திரும்பினான்.

அதன் பிறகு எவ்வளவோ விஷயங்களுக்கு எழுந்து நின்றிருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன் சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டிய அரசாங்கத்தைக் கவிழாமல் தாங்கிப் பிடித்தோம். அதைவிட மோசமானவர்கள் வந்துவிடுவார்கள் என்பது காரணம். மாக்டபுர்க் கூட்டத்தில் எவால்ட் அதை விளக்கியபோது ஒருவன் பூட்ஸைக் கழற்றி எறிந்தான். எவால்ட் குனிந்து எடுத்து, "அடிப்பாகம் தேஞ்சு போச்சு தோழா, இன்னொன்னையும் வீசு, ரெண்டையும் சேர்த்துத் தைக்கக் கொடுக்கறேன்" என்றான். கூட்டம் சிரித்தது. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அவனுடைய எல்லாப் பேச்சையும் நான்தான் டைப் செய்வேன். அவன் நடந்துகொண்டே சொல்வான். பிறகு நான் உரக்கப் படிப்பேன். ஏதாவது ஒரு வாக்கியத்தில் கையைத் தூக்கி, "இது நீ. நான் இல்ல" என்பான். அதை அடித்து நீக்கிவிடுவேன். துணிச்சலான வாக்கியங்கள் பெரும்பாலும் என்னுடையவையாக இருக்கும்.

மே 15, திங்கள்

புதன்கிழமை நாடாளுமன்றம் கூடுகிறது. சான்சலர் வெளிநாட்டுக் கொள்கையைப் பற்றிப் பேசுவார். சபை முழுவதும் அதை ஆதரிக்க வேண்டுமாம். எங்கள் கட்சி சம்மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, தேசத்தின் உயிருக்கு முன்னால் தனி மனிதர்களின் உயிர் பெரிதில்லை என்று அமைச்சர் ஒருவர் பதில் சொன்னாராம். முகாம்களில் இருக்கும் நம் ஆட்களைத்தான் சொல்கிறார் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

எவால்ட் இதைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னான். நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். அது பொங்கி வழிந்து தீய்ந்த பிறகுதான் இரண்டு பேருமே பார்த்தோம்.

மே 16, செவ்வாய்

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வந்தான். எங்கள் உறுப்பினர்களின் கூட்டம் முடிந்துவிட்டது. பாதிப் பேர்தான் இருக்கிறார்கள். மற்றவர்கள் சிறையிலோ எல்லைக்கு அப்பாலோ. எவால்ட் எதிர்த்துப் பேசியிருக்கிறான். மேசையைத் தட்டியிருக்கிறான். ஓட்டில் தோற்றுவிட்டான். நாளை சபைக்குப் போய் ஆதரிப்பது என்று முடிவு.

ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலர் நாளைக்கு வருவதாக இல்லையாம். ஒருவருக்கு இன்றே காய்ச்சல் தொடங்கிவிட்டது. இன்னொருவருக்கு ஊரில் மாமியார் சாகக் கிடக்கிறாள். அந்த மாமியார் செத்து ஐந்து வருடம் ஆயிற்று என்று எவால்ட் சொன்னான். சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"நீ சொல்லு அடேல். நாளைக்கு எனக்குக் காய்ச்சலா, இல்லையா?"

நான் அவனுடைய வெள்ளைச் சட்டைக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தேன்.

"கட்சி முடிவு பண்ணிடுச்சு. ஒழுங்குன்னா எல்லாருக்கும் ஒழுங்குதான்" என்றேன்.

"பதினாலுல நீ இப்படிச் சொல்லியிருக்க மாட்டே."

"பதினாலுல உனக்கு என்னைத் தெரியாது."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். லோரென்ஸின் பெயரை அவன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. நான் சொன்னது கொள்கை அளவில் சரி. எதிரி முன்னால் ஆளுக்கு ஒரு பக்கம் சிதறிப் போனால் கட்சி என்று ஒன்று இருக்காது. இதை எந்த வகுப்பிலும் என்னால் விளக்க முடியும்.

சட்டைக் காலரை மூன்றாவது தடவையாகத் தேய்க்கிறேன் என்று எவால்ட் சொல்லித்தான் தெரிந்தது.

மே 17, புதன்

எங்கள் வீட்டில் ரேடியோ இல்லை. திருமதி ப்ராட்கே இன்று கதவை விரியத் திறந்து வைத்தாள், படிக்கட்டு முழுவதும் கேட்கட்டும் என்று. நான் எங்கள் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

சான்சலர் சமாதானத்தைப் பற்றிப் பேசினார். கத்தவில்லை. பிறகு தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கும்படி சபைத் தலைவர் சொன்னார். நூற்றுக்கணக்கான நாற்காலிகள் நகரும் சத்தம். எல்லோரும் எழுந்துவிட்டார்கள் என்று அறிவிப்பு. கைதட்டல். அடுத்து தேசிய கீதம்.

எவால்டுக்கு அடித்தொண்டைக் குரல்; தொழிலாளர் பாடகர் குழுவில் இருபது வருடம் பாடியவன். அந்தச் சத்தத்தில் அவன் குரல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே நின்றேன். இருந்தால் அதற்கு என்ன அர்த்தம், இல்லாவிட்டால் என்ன அர்த்தம் என்று தெரியாமலே.

நாலு மணி இருக்கும், வந்தான். "பேச்சு மோசமில்ல. அதுதான் மோசம்" என்றான். மேசை முன் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

"எழுந்தேன். பாடல."

பிறகு, "லோரென்ஸுக்கு ஏதாவது நல்லது நடக்கும்" என்றான், எனக்காக வாங்கி வந்ததை நீட்டுகிறவன் போல. கிழங்கு ஆறிப் போகிறது, சாப்பிடு என்றேன்.

மே 18, வியாழன்

திருமதி ப்ராட்கே ஒரு தட்டில், புளிப்பான ரூபார்ப் தண்டு போட்டுச் சுட்ட கேக் கொண்டுவந்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக வாசற்படியைத் தாண்டி வந்தாள்.

"உங்க வீட்டுக்காரரும் எழுந்து நின்னாராமே. எனக்கு எப்பவுமே தெரியும், மனுஷன் நல்லவர்தான். கூட்டாளிங்கதான் சரியில்ல."

எவால்ட் எழுந்து, நன்றி சொல்லி, தட்டை வாங்கிக்கொண்டான். அவள் போனதும் கேக்கைத் தின்றான். முழுவதையும், நின்றுகொண்டே, எனக்கு ஒரு துண்டுகூட வைக்காமல். பிறகு தட்டைக் கழுவித் துடைத்து அவள் வாசலில் வைத்துவிட்டு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

மே 28, ஞாயிறு

பத்து நாளாக எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. யாரையும் விடுதலை செய்யவில்லை.

இன்று பார்வையாளர் நாள். லோரென்ஸுக்கு மொட்டை அடித்திருக்கிறார்கள். ஒரு காலைத் தாங்கித் தாங்கி வந்தான். இந்தத் தடவை படியில் விழுந்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காவலாள் சற்றுத் தள்ளி நின்று சிகரெட் பற்ற வைத்துக்கொண்டிருந்தான்.

அந்தப் புதன்கிழமை முற்றத்தில் ஒலிபெருக்கி வைத்து எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொல்லிக் கேட்க வைத்தார்களாம். மழை பெய்தும் விடவில்லையாம்.

"எவால்டுக்கு அன்னைக்கு உடம்பு சரியில்லதானே?" என்றான்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானா வெச்சுக்கிட்டேன். மத்தவங்க எழுந்தாலும் எவால்ட் எழுந்திருக்க மாட்டான், அவன் அங்கே போயிருக்கவே மாட்டான்னு கூட்டாளி ஒருத்தன்கிட்ட பந்தயம் கட்டியிருக்கேன். ஒரு நாள் ரொட்டி."

இடது கண் இப்போது திறந்திருந்தது. இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தான். ஆமாம், காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"போனான். எழுந்து நின்னான்" என்றேன்.

"அப்ப ரொட்டி போச்சு" என்றான். சிரிக்கவும் செய்தான். பிறகு கம்பிக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தான். "எங்களுக்காகத்தான் எழுந்தோம்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க. நாங்களும் அந்த முற்றத்துல நின்னுக்கிட்டுத்தான் இருந்தோம். எங்களை நிக்க வெச்சது துப்பாக்கி. அவனை நிக்க வெச்சது எது?"

கட்சி ஒழுங்கு என்றேன். அவன் தலையை ஆட்டினான். ஒத்துக்கொண்டானா, அவ்வளவுதானா என்ற அர்த்தமா, தெரியவில்லை. நேரம் ஆகிவிட்டது என்று காவலாள் கையைத் தட்டினான்.

வீட்டில் எவால்ட் கேட்டான், என்ன சொன்னான் என்று. நன்றாக இருக்கிறான், முடிதான் வெட்டிவிட்டார்கள் என்றேன்.

ஜூன் 1, வியாழன்

டிரெஸ்டனிலிருந்து ஒரு தோழி வந்து போனாள். உடற்பயிற்சி ஆசிரியை; வாட்டசாட்டமான பெண். காப்பி குடித்துக்கொண்டே, சுற்றுலா ஏற்பாடு செய்கிறவள் மாதிரி எல்லாவற்றையும் சொன்னாள். ஞாயிறு பெந்தெகொஸ்தே பண்டிகை. விடுமுறைக்கு டிரெஸ்டன் ஊரே முதுகுப் பையை மாட்டிக்கொண்டு மலையேறும். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகப் போனால் மதியத்துக்குள் செக்கோஸ்லோவாக்கிய எல்லை. ஒரு ஓடைதான் குறுக்கே. அந்தப் பக்கம் ஆள் நிற்கும், அங்கிருந்து ப்ராக். கட்சியின் தலைமையில் ஒரு பகுதி ஏற்கெனவே அங்கே போய்விட்டது.

"புருஷனும் பொண்டாட்டியுமாப் போனா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. தனி ஆளுன்னா சந்தேகம் வரும்" என்றாள்.

நான் சரி என்றேன். எவால்ட் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் உள்ளங்கை இந்த மூன்று மாதத்தில் மெத்தென்று ஆகிவிட்டிருக்கிறது.

ஜூன் 2, வெள்ளி

காலையில் எவால்ட் டைப்ரைட்டரை மேசைக்கு எடுத்துவரச் சொன்னான். நடந்துகொண்டே சொன்னான், பழையபடி. ப்ராகில் அச்சடிக்கப் போகும் அறிக்கை இது:

மே பதினேழாம் தேதி நாங்கள் எழுந்து நின்றது தவறு. உள்ளே எதிர்த்துவிட்டு வெளியே எழுந்தேன். யாரும் என் கையைப் பிடித்துத் தூக்கவில்லை. இதைப் பெயரில்லாமல் சொல்வதில் அர்த்தமில்லை.

நான் உரக்கப் படித்தேன். அவன் எந்த இடத்திலும் கையைத் தூக்கவில்லை. எல்லா வாக்கியமும் அவனுடையதுதான். யாரும் என் கையைப் பிடித்துத் தூக்கவில்லை என்ற வாக்கியத்தைப் படிக்கும்போது மட்டும் நடுவில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

கடைசியில் பெயர் டைப் செய்ய வேண்டிய இடம். அவன் நடப்பதை நிறுத்தினான்.

"பேரு போட்டா லோரென்ஸை என்ன பண்ணுவாங்கன்னு உனக்குத் தெரியும்" என்றான். இத்தனை நாளில் அவன் இதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. "நீ வேண்டாம்னா போடல. ஒரு தோழர்னு கையெழுத்துப் போட்டுடறேன். நீயே சொல்லு."

மறுபடியும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். முகம் அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. நான் என்ன சொன்னாலும் செய்வான்.

கீழே தெருவில் யாரோ கம்பளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை இருந்தேன். பிறகு அவனைக் கேட்காமல், எவால்ட் ஹென்ஷல், நாடாளுமன்ற உறுப்பினர், மாக்டபுர்க் என்று முழுசாக டைப் செய்தேன்.

அவன் அதைப் பல தடவை படித்து மனப்பாடம் செய்தான். பிறகு அடுப்பில் போட்டோம். எல்லையில் காகிதம் இருக்கக் கூடாது. இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறான். மலையேறப் போகிறவன் ஒழுங்காக முடி வெட்டியிருந்தால் போலீசுக்குச் சந்தேகம் வராதாம். அவனுடைய யோசனைதான்.

இரண்டு முதுகுப் பைகளையும் நான் கட்டி முடித்துவிட்டேன். அவன் பையில் மேலாக ரொட்டி, வேக வைத்த முட்டை, வரைபடம். வழியில் சோதனை போட்டால் உல்லாசப் பயணம் மாதிரி தெரிய வேண்டும். என் பையின் மேலே என் பூப்போட்ட சால்வையை விரித்தேன். அதற்குக் கீழே அவனுடைய கம்பளி பனியன்கள், குளிர்காலக் கால்சட்டை, காலுறைகள், அவன் மூக்குக்கண்ணாடி உடைந்தால் மாற்றிக்கொள்ள இன்னொன்று. என்னுடையது என்று வேறு எதுவும் இல்லை.

முகாம் வாசலில் போன ஞாயிறு ஒரு பெண் சொன்னாள்: வெளியே யாராவது வந்து பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தால், உள்ளே அந்த ஆளைத் தொடுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கிறார்களாம். உண்மையா என்று எனக்குத் தெரியாது. அறிக்கை ப்ராகில் வெளிவந்த பிறகு என்னையே பிடித்து வைக்கலாம். அதுவும் தெரியாது. லோரென்ஸ் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் போதாது என்பது மட்டும் தெரியும்.

ஓடைவரை எவால்டோடு நடப்பேன். புருஷனும் பொண்டாட்டியுமாக. அவன் அந்தப் பக்கம் ஏறியதும் என் பையை அவனிடம் நீட்டுவேன். அவன் வாங்கிக்கொள்வான், நான் பின்னால் வருகிறேன் என்றுதான் நினைப்பான். அதற்குள் நான் திரும்பி நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். சத்தம் போட்டுக் கூப்பிட அங்கே அவனால் முடியாது.

படியில் அவன் காலடிச் சத்தம் கேட்கிறது.